முன்னறிவிப்பும் நம்பிக்கையும்: கணினி விளையாட்டு நிறுவனங்களின் வெளியீட்டு அறிவிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு படைப்பினை மதிப்பிடப் புகும் விமர்சகர், அப்படைப்பு வெளிவந்த பின்னரே தம் பணியைத் தொடங்குவது வழக்கம். நூல் அச்சேறிய பின் மதிப்புரை எழுதப்படுகின்றது. நாடகம் மேடையேறிய பின் அதன் நிறைகுறைகள் ஆராயப்படுகின்றன. ஆயின் எமது காலத்துக் கலைவடிவம் ஒன்று, தான் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பேசப்படுகின்றது, போற்றப்படுகின்றது, விலைக்கும் விற்கப்படுகின்றது. இளைஞர் பேச்சில் ‘கேம்’ என்றும் எழுத்தில் கணினி விளையாட்டு என்றும் வழங்கும் வடிவமே அது. வெளிவந்த விளையாட்டுகளை மதிப்பிடுவோர் பலர் உளர். அவை வெளிவருமுன் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் விடுக்கும் அறிவிப்புகளை, அதாவது முன்னோட்டக் காட்சிகளையும் திகதிகளையும் வாக்குறுதிகளையும், தனியே எடுத்து மதிப்பிடுவோர் அரியர். அவ்வறிவிப்புகள் எவ்வாறு அமைந்துள்ளன, எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இவ்விடயத்துக்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். அறிவிப்பு என்பது சொல்லால் ஆனது. இன்னும் உருவாகாத ஒன்றை உருவானதுபோலக் காட்டி, கேட்போர் மனத்தில் ஆசையை விளைவித்து, அவர் மடியிலுள்ள பணத்தையும் வெளிக்கொணரும் ஆற்றல் அச்சொல்லுக்கு உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள உறவு இலக்கிய மாணவருக்கு முதற் பாடமாயின், அவ்வுறவு எங்கே அறுந்துபோகின்றது என்பதைக் காட்டுவதும் அவர் கடமையே.

வெளியீட்டு அறிவிப்பினை ஒரு கடன் பத்திரத்துக்கு ஒப்பிடலாம். அதில் ஒப்பமிடுபவர் நிறுவனத்தின் தலைமைப்பீடத்தில் இருப்பவர். தவணை தவறும்போது அதன் சுமையைத் தாங்குபவர்களோ வேறு இரு சாரார். ஒரு சாரார் முற்பணம் கொடுத்துக் காத்திருக்கும் வாங்குநர். மறு சாரார் குறித்த நாளுக்குள் வேலையை முடிக்குமாறு பணிக்கப்படும் தொழிலாளர். இவ்விரு சாராரையும் மனங்கொள்ளாத அறிவிப்பு எத்துணைக் கவர்ச்சியுடையதாயினும் நல்ல அறிவிப்பாகாது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

கையொப்ப மரபு

வெளிவராத நூலுக்கு முன்கூட்டியே ஆதரவு திரட்டும் வழக்கம் எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து நல்லூரிலே தோன்றிய ஆறுமுகநாவலர் (1822–1879) ‘விக்கியாபனம்’ என்னும் பெயரிலே பொதுமக்களுக்கு அறிவித்தல்களை அச்சிட்டு வழங்கினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியத்தை 1881 இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தவர். ஏடுகள் செல்லரித்து அழிந்துவருவதைத் தம் பதிப்புரைகளிலே எடுத்துக்காட்டித் தமிழ் மக்களின் ஆதரவை அவர் வேண்டினார். உ. வே. சாமிநாதையர் 1887 இலே சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் அன்பர்களிடம் கையொப்பம் திரட்டியமையும் தமிழ்ப் பதிப்பு வரலாறு கற்போர் அறிந்ததே.

இம்மரபினை இன்றைய முற்பதிவு முறையோடு ஒப்பிடும்போது இரு வேறுபாடுகள் புலனாகின்றன. முதலாவது, அன்று கையொப்பமிட்டோர் பெறவிருந்த நூல் ஏற்கனவே இருந்தது. பாடபேதம் நீக்கப்பட்ட திருத்தமான அச்சுப்பிரதியே வாக்களிக்கப்பட்டது. இல்லாத காப்பியமொன்றை எழுதித் தருவதாகக் கூறி எவரும் பணம் கேட்கவில்லை. இரண்டாவது, வாக்களித்த பதிப்பாசிரியரே உழைப்பாளியாகவும் இருந்தார். ஏடு தேடி அலைந்தவரும் அவரே. இரவிலே அச்சுத்தாள் திருத்தியவரும் அவரே. வாக்குத் தவறின் இழிவு அவரையே சாரும். வாக்களிப்பவரும் அதனை நிறைவேற்றுபவரும் ஒருவராக இருந்தமையால் வாக்கு அளவோடு நின்றது. கணினி விளையாட்டுத் தொழிலிலோ பெரும் படைப்பொன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைக்கின்றனர். மேடையேறி நாள் குறிப்பவர் வேறு; அந்நாளை எட்ட உறக்கமிழப்பவர் வேறு. இப்பிரிவினையே அறிவிப்பின் அளவுமீறலுக்கு அடிப்படையாகின்றது.

நாள் குறித்தலும் குறியாமையும்

நாள் குறியாத அறிவிப்புக்குத் தலையாய எடுத்துக்காட்டு ‘டியூக் நியூக்கெம் போரெவர்’ என்னும் விளையாட்டாகும். அதன் முந்திய பகுதி 1996 இலே பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றியின் சூடு தணியுமுன், 1997 ஏப்ரிலில், அடுத்த பகுதியை அமெரிக்க நிறுவனமான 3டி றெல்ம்ஸ் அறிவித்தது. எப்போது வரும் எனக் கேட்டோருக்கெல்லாம் முடிந்ததும் வரும் என்பதே விடையாயிற்று. 2009 மே மாதத்தில் நிதி வறட்சியால் தயாரிப்புக் குழுவினர் வேலையிழந்தனர். பின்னர் வேறொரு நிறுவனம் அதனைப் பொறுப்பேற்று 2011 ஜூனில் வெளியிட்டது. அறிவிப்பைப் படித்தபோது பதினைந்து வயதினனாக இருந்த சிறுவன் படைப்பைக் கையில் எடுத்தபோது இருபத்தொன்பது வயதினனாகியிருந்தான். அதற்குள் அவ்வகை விளையாட்டின் இலக்கணமே மாறிவிட்டது. விமர்சகர்கள் அதனைக் கடிந்துரைத்ததில் வியப்பில்லை. முடிந்ததும் வரும் என்ற சொல் பணிவுடையதுபோலத் தோன்றினும், எந்நாளும் பொறுப்பேற்காத சொல்லாகவே முடிந்தது.

நாள் குறித்த அறிவிப்பு இதனினும் மேலானதா? போலந்து நாட்டின் சீடி புறொஜெக்ட் நிறுவனம் தயாரித்த ‘சைபர்பங் 2077’ இவ்வினாவுக்கு விடை தருகின்றது. அவ்விளையாட்டு 2012 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் வெளியான முதல் முன்னோட்டத்தின் இறுதியிலே, ஆயத்தமானதும் வரும் என்ற பொருள்பட ஒரு வாசகமே இடம்பெற்றது. ஆனால் 2019 ஜூனில், இ3 கண்காட்சிக் காலத்தில், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மேடையிலே திரைநடிகர் கியானு ரீவ்ஸ் தோன்றி, 2020 ஏப்ரில் 16 என நாள் குறித்தார். அரங்கு ஆர்ப்பரித்தது. அந்நாள் செப்டெம்பர் 17 ஆகவும், பின்னர் நவம்பர் 19 ஆகவும், இறுதியில் டிசெம்பர் 10 ஆகவும் மும்முறை பிற்போடப்பட்டது. ஒக்டோபர் தொடக்கத்திலே வட்டுகளுக்கான பிரதி ஆயத்தமாகிவிட்டதென அறிவித்த நிறுவனம், அதே மாத இறுதியில் மீண்டும் பிற்போட்டமை ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இத்திகதிகளுக்குப் பின்னால் நடந்தது யாது? கட்டாய மேலதிக வேலை வாங்குவதைத் தவிர்ப்பதாக 2019 இலே கூறிய நிறுவனம், 2020 செப்டெம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. மேடையிலே கைதட்டல் பெற்ற அதே திகதி, தொழிற்கூடத்திலே சாட்டையாயிற்று. அவ்வாறு உழைத்தும் பழைய பிளேஸ்டேஷன் 4 பொறியிலும் அதனையொத்த எக்ஸ்பொக்ஸ் பொறியிலும் விளையாட்டு ஒழுங்காக இயங்கவில்லை. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பிரதியே வழங்கப்பட்டதால், அக்குறை வாங்குவோருக்கு முன்கூட்டித் தெரியவுமில்லை. முற்பதிவு செய்தோர் தொகை 80 இலட்சம் என நிறுவனமே கூறியிருந்தது. 2020 டிசெம்பர் 17 அன்று சோனி நிறுவனம் அவ்விளையாட்டைத் தன் கடையிலிருந்து நீக்குவதாகவும் வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. ஆறு மாதங்களின் பின், 2021 ஜூனிலேயே அது மீண்டும் அக்கடையில் இடம்பெற்றது.

அவ்விளையாட்டு பின்னர் திருத்தப்பட்டதும், 2023 செப்டெம்பரில் வந்த பெருந்திருத்தத்துக்குப் பின் பலரின் பாராட்டைப் பெற்றதும் உண்மையே. அதனால் முதல் அறிவிப்பும் நியாயமாகிவிட்டது என வாதிப்போர் உளர். இவ்வாதம் பொருந்தாது. மூன்றாண்டு கழித்துக் கடன் அடைக்கப்பட்டமை, தவணை தவறவில்லை என்பதற்குச் சான்றாகாது. படைப்பின் தரம் வேறு, அறிவிப்பின் நேர்மை வேறு. விமர்சனம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும்.

ஆகவே நாள் குறித்தலோ குறியாமையோ தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. கையிலே என்ன இருக்கின்றது என்பதை அறிந்து பேசுவதே அறிவிப்பின் முதல் இலக்கணமாகும்.

காட்சியும் பொருளும்

அறிவிப்பின் மற்றொரு கூறு முன்னோட்டக் காட்சி. யூபிசொப்ட் நிறுவனம் 2012 இலே காட்சிப்படுத்திய ‘வாட்ச் டோக்ஸ்’ விளையாட்டின் ஒளியும் மழையும் தெருவும் பார்த்தோரைப் பிரமிக்கவைத்தன. 2014 மே மாதத்தில் விற்பனைக்கு வந்த படைப்பு அக்காட்சியின் பொலிவை எட்டவில்லை. காட்டப்பட்டதும் கொடுக்கப்பட்டதும் ஒன்றல்ல என்பதை வாங்கியோர் தாமே ஒப்பிட்டுக் காட்டினர். ஆடைக்கடையின் பொம்மையில் விலையுயர்ந்த சேலையைச் சுற்றிவைத்துவிட்டுப் பொட்டலத்தில் வேறு சேலையைக் கட்டிக் கொடுப்பதற்கு இது ஒப்பானது.

பெரு நிறுவனங்கள் மட்டுமே இக்குறைக்கு உட்பட்டவை எனக் கருதலாகாது. இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு குழு 2013 டிசெம்பரில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளி விளையாட்டை அறிவித்தது. இரண்டின் 64 ஆம் அடுக்கு எண்ணிக்கையான கோள்கள் அதில் உண்டு என்பது அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அவ்வெண் பொய்யன்று. ஆனால் எண்ணிக்கை அனுபவமாகாது. நூலொன்றில் எத்தனை இலட்சம் சொற்கள் உள்ளன என்று கூறுவதால் அதன் சுவை விளங்கிவிடுமா? மேலும், விளையாடுவோர் அப்பெருவெளியிலே ஒருவரையொருவர் சந்திக்க முடியும் என்ற எண்ணம் நேர்காணல்களால் வளர்ந்தது. 2016 ஓகஸ்டில் விளையாட்டு வெளிவந்தவுடன் இருவர் ஒரே கோளின் ஒரே இடத்துக்குச் சென்றனர். ஒருவரை ஒருவர் காணவில்லை. பிரித்தானியாவின் விளம்பரத் தர அதிகாரசபை முறைப்பாடுகளை விசாரித்து, விற்பனைப் பக்கத்து விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்தவில்லை என அவ்வாண்டு நவம்பரிலே தீர்ப்பளித்தது. சட்டத்தின் முன் குற்றமில்லை. ஆயினும் வாங்கியோர் மனத்தில் நம்பிக்கை இல்லை. இவ்விடைவெளியைச் சட்டத்தால் நிரப்ப முடியாது.

அக்குழு பின்னர் மேற்கொண்ட வழி கவனத்துக்குரியது. அது பேச்சைக் குறைத்தது, வேலையைத் தொடர்ந்தது. 2016 நவம்பர் முதல் திருத்தங்களை ஒவ்வொன்றாக இலவசமாக வழங்கியது. 2018 ஜூலையில் வந்த திருத்தத்தோடு, விளையாடுவோர் ஒருவரையொருவர் சந்தித்துச் சேர்ந்தியங்கும் வாய்ப்பும் முழுமையாகக் கிடைத்தது. செய்துமுடித்த பின் சொல்லுதல் என்ற ஒழுங்கினாலேயே இழந்த நம்பிக்கை மீண்டது.

மௌனத்தின் எல்லை

இதனைக் கொண்டு, முற்றிலும் மௌனமாக இருந்து ஒருநாள் திடீரென வெளியிடுவதே சிறந்தது என முடிவுகட்டலாமா? ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ 2019 பெப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டு அன்றே வெளியிடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் 2 கோடி 50 இலட்சம் பேர் அதனை விளையாடினர். ஆயின் அது இலவச விளையாட்டு என்பதும், பின்னால் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் செல்வம் இருந்தது என்பதும் மறக்கற்பாலனவல்ல. பேர்பெற்றவர் முன்னறிவிப்பின்றி வந்தாலும் ஊர் கூடும். பேரில்லாதவர் நாட்கணக்கில் பறைசாற்றினாலும் பத்துப்பேர் வருவது அரிது.

இவ்விடத்திலே ‘வெண்பா’ என்னும் விளையாட்டை நினைவுகூர்தல் தகும். ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட விசை கேம்ஸ் என்னும் சிறு குழு அதனை உருவாக்கியது. 1980களின் இறுதியிலே கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் தாயே அதன் நாயகி. அழிந்தும் கறைபடிந்தும் போன சமையற் குறிப்பேட்டிலிருந்து இட்டலியையும் புட்டையும் விளையாடுபவர் மீட்டெடுக்கவேண்டும். அது 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 2024 இலே பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் அறிமுகப் படைப்புக்கான விருதைப் பெற்றது. வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அதன் காட்சிகள் பொதுவெளியில் உலவின. அறிவிப்பு இல்லையேல் தமிழ்ப் பெயர் தாங்கிய அச்சிறு படைப்பை யார் தேடிச் சென்றிருப்பர்? சிறு குழுவுக்கு முன்னறிவிப்பு ஆடம்பரமன்று; அது வயிற்றுப்பாடு. ‘வெண்பா’வின் காட்சிகள் ஓர் அடுப்படியையும் ஒரு தாயையும் ஒரு மகனையும் காட்டின. வாங்கியவர் பெற்றதும் அவையே. நீண்டகால முன்னறிவிப்பும் நேர்மையாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

பிற்போடும்போது பேசவேண்டிய முறைக்கு நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘மெட்ரொயிட் பிரைம் 4’ சான்றாகும். 2017 ஜூனில் பெயர்ச் சின்னத்தை மட்டும் காட்டி அதனை அறிவித்தமை அந்நிறுவனத்தின் பிழையே. ஆனால் 2019 ஜனவரியில் நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவர் காணொளியிலே தோன்றி, இதுவரை நடந்த வேலை தாம் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்றும், வேறு குழுவைக் கொண்டு தொடக்கத்திலிருந்து மீண்டும் உருவாக்கப்போவதாகவும் வெளிப்படையாகக் கூறினார். புதிய நாள் எதனையும் அவர் குறிக்கவில்லை. அவ்விளையாட்டு 2025 டிசெம்பரில் வந்தது. காத்திருப்பு நீண்டது, ஆயினும் காத்திருந்தோர் ஏமாற்றப்படவில்லை.

இதற்கு மாறானது ‘ஹொலோ நைட்: சில்க்சோங்’ என்பதன் வரலாறு. அவுஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டீம் செரி என்னும் மிகச் சிறிய குழு அதனை 2019 பெப்ரவரியில் அறிவித்தது. 2022 ஜூனில், பன்னிரண்டு மாதங்களுக்குள் வரும் என்ற எண்ணம் ஊட்டப்பட்டது. 2023 மே மாதத்தில் அதுவும் பிற்போடப்பட்டது. அதன்பின் நெடிய மௌனம். செய்தி எதுவுமில்லை என்பதையே நாள்தோறும் அறிவிக்கும் யூரியூப் அலைவரிசை ஒன்றும் ரசிகரிடையே தோன்றியது. இறுதியில் 2025 ஓகஸ்ட் 21 அன்று நாள் குறிக்கப்பட்டது. செப்டெம்பர் 4 அன்று விளையாட்டு வந்தது. நாள் குறித்தலுக்கும் வெளியீட்டுக்கும் இடையே இரண்டே வாரங்கள் இருந்தமை போற்றத்தக்கது. ஆனால் அதற்கு முந்திய நெடிய மௌனத்தைப் போற்ற இயலாது. வேலை நடக்கின்றது, இன்னும் முடியவில்லை என ஆண்டுக்கொருமுறை ஒரு வரி எழுதுவதால் எந்தக் கலைஞரின் கலையும் கெட்டுப்போகாது.

எமது நிலை

இனி, இவ்வறிவிப்புகளை யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து படிக்கும் ஒருவரின் நிலையை நோக்குவோம். உலகுக்கெல்லாம் ஒரே நாளில் விடுக்கப்படும் அறிவிப்பு உலகெங்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது ஏறத்தாழ 360 ரூபா. மார்ச் தொடக்கத்தில் 12,000 ரூபாவாக இருந்த 60 டொலர் விளையாட்டு, நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே, மே மாதத்தில் 21,600 ரூபாவாயிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது. ஓராண்டுக்கு அப்பால் நாள் குறித்து, இன்றே முற்பதிவு செய்க என அழைக்கும் அறிவிப்பு, நாணயம் நிலைத்து நிற்கும் நாடுகளின் மொழியிற் பேசுகின்றது.

பணம் செலுத்தும் வழியும் எல்லோருக்கும் எளிதன்று. வெளிநாட்டு நாணயத்திற் செலுத்தக்கூடிய கடனட்டை இல்லாத மாணவர், கனடாவிலோ இலண்டனிலோ உள்ள மாமாவிடமோ சித்தியிடமோ வாங்கித் தருமாறு கேட்கின்றார். அவ்வாறு ஒருமுறை கேட்கலாம். வாங்கியது பழுதென்று சொல்லி இன்னொன்றை மறுமுறை கேட்பது எங்ஙனம்? ஸ்டீம் என்னும் இணையக்கடை 2015 முதல், வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள்ளும் இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடிய நிலையிலும் கேட்போருக்குப் பணத்தைத் திருப்பித் தருகின்றது. நல்ல ஏற்பாடே. ஆனால் பணம் மாமாவின் கணக்குக்குத் திரும்புமேயன்றி, கேட்டவரின் கூச்சம் திரும்பிப் போகாது.

இன்னொன்றும் உண்டு. ‘சைபர்பங் 2077’ வெளிவந்தபோது கணினியில் அதற்கு 70 கிகாபைட் இடம் தேவைப்பட்டது. கைத்தொலைபேசித் தரவுப் பொதியை நம்பி வாழும் வீட்டிலே, அதனைத் தரவிறக்குவதற்கே விளையாட்டின் விலைக்கு மேலாக ஒரு செலவு உண்டு. முன்னோட்டங்கள் வீரர்களையும் வெடிப்புகளையும் காட்டுகின்றன. கோப்பின் அளவையும், இணைய இணைப்பு இடையறாது வேண்டுமா என்பதையும், பழைய கணினியில் இயங்குமா என்பதையும் முதல் அறிவிப்பில் கூறுவது அரிது. கூறாமல் விடப்படுபவை யாருக்குத் தேவையானவையோ, அவர்களே வாங்குநராகக் கணிக்கப்படாதவர்கள் என்பது இதனாற் பெறப்படும்.

ரசிகரின் பொறுப்பு

நிறுவனங்களை மட்டும் குறைகூறி ரசிகரை விட்டுவிடுதல் நடுநிலையாகாது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016 இலே சில வாரங்கள் பிற்போடப்பட்டபோதும், ‘சைபர்பங் 2077’ 2020 ஒக்டோபரில் பிற்போடப்பட்டபோதும் தயாரித்தோருக்குக் கொலை மிரட்டல்கள் விடுக்கப்பட்டன. விளையாட்டொன்றுக்குச் சில வாரம் பொறுக்கமாட்டாதவர் உயிரைப் பற்றிப் பேசுவது இழிவினும் இழிவு.

எம்மவர்க்கு அண்மையான எடுத்துக்காட்டும் உண்டு. நடிகர் அஜித்குமாரின் ‘வலிமை’ திரைப்படம் பற்றிய செய்தி வராத நிலையில், 2021 பெப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்திலே ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்துத் துடுப்பாட்ட வீரர் மொயின் அலியிடமே ரசிகர்கள் ‘வலிமை அப்டேட்’ கேட்டனர். நடிகர் தாமே அறிக்கை விடுத்து, இச்செயல்கள் தம்மை வருந்தச் செய்வதாகவும் பொறுமை காக்குமாறும் கூறவேண்டியதாயிற்று. படம் 2022 பெப்ரவரியிலேயே வந்தது. இதனை நகைச்சுவையாகக் கண்டு கடந்துவிடலாம். ஆனால் ஆர்வத்தை வேண்டுமென்றே மூட்டிவிட்டு, அதற்குத் தீனி போடாதிருக்கும் விளம்பர முறையின் விளைவு இது என்பதையும் காணல் வேண்டும். பசியைத் தூண்டுபவர் பந்திக்கு நேரமும் சொல்லக் கடமைப்பட்டவர். பசித்தவரும் அடுப்படிக்குள் கல்லெறிதல் ஆகாது.

ரசிகரின் கையிலுள்ள வலிமையான கருவி மிரட்டல் அன்று. பணத்தைத் தாமதித்துக் கொடுத்தல். முற்பதிவுக்கு ஒருகாலத்திற் காரணம் இருந்தது. கடையில் வட்டுகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. இணையத்தில் விற்கப்படும் பிரதி ஒருபோதும் தீர்வதில்லை. தீராத பொருளுக்கு வரிசையில் இடம்பிடிக்கப் பணம் கொடுப்பதில் என்ன பயன்? வெளிவந்து, தமது பொறியையொத்த பொறியில் விளையாடியவர் எழுதிய மதிப்புரையைப் படித்த பின் வாங்குபவர் எதையும் இழப்பதில்லை.

முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து நல்ல அறிவிப்பின் இலக்கணத்தை ஒருவாறு வகுத்துக்கொள்ளலாம். பெயரும் சின்னமும் மட்டும் கையில் இருக்கும்போது பேரவைக்கு வருதல் கூடாது. விளையாடக்கூடிய ஒரு பகுதியேனும் உருவான பின்னரே முதல் அறிவிப்பு விடுக்கப்படல் வேண்டும். காட்டப்படும் காட்சி உண்மையான விளையாட்டா, தனியே தீட்டப்பட்ட சித்திரமா என்பது அக்காட்சியிலேயே எழுதப்படல் வேண்டும். படைப்பின் உள்ளடக்கம் முடிந்து திருத்தவேலை மட்டும் எஞ்சியிருக்கும்போதே நாள் குறித்தல் தகும். அந்நாளைத் தீர்மானிக்கும் மேசையிலே வேலை செய்வோரின் குரலும் ஒலித்தல் வேண்டும். பிற்போட நேரின் காரணத்தோடு காலத்தே கூறல் வேண்டும். மதிப்புரைகள் வெளிவருமுன் பணம் பெறுதல் தவிர்க்கப்படல் வேண்டும். விலை, கோப்பின் அளவு, தேவையான கணினி, இணையத் தேவை, மொழிகள் ஆகியன முதல் அறிவிப்பிலேயே தெளிவாக இடம்பெறல் வேண்டும். சிறு குழுக்கள் முன்கூட்டியே பேச நேர்வது இயல்பு. அவை கையிலிருப்பதைக் காட்டட்டும், இல்லாததை எண்ணிக்கையால் அளக்காதிருக்கட்டும்.

இவற்றைக் கடைப்பிடித்தால் விற்பனை குறையும் என நிறுவனங்கள் அஞ்சலாம். ‘சைபர்பங் 2077’ இன் வரலாறு அவ்வச்சத்துக்குத் தக்க மறுமொழியாகும். 80 இலட்சம் முற்பதிவுகளைப் பெற்றுத் தந்த அதே அறிவிப்புகள், அடுத்து வந்த வாரத்திலே அந்நிறுவனத்தின் நற்பெயரைக் கடையிலிருந்தே அகற்றின. அதனை மீட்க ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பும் மேடையில் நின்று நாள் குறித்தவருடையதன்று.

ஏடு தேடி நடந்த எம் பதிப்பாசிரியர்கள் தம் கையில் இருந்ததைக் காட்டியே ஆதரவு கேட்டனர். அந்த ஒழுங்கு ஓலைக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. முற்பணம் கொடுப்பவரும் இரவில் விழித்திருந்து உழைப்பவரும் ஏமாறாதிருக்க, மின்திரைக் காலத்துக்கும் அவ்வொழுங்கே வேண்டப்படுகின்றது.